இரட்டைப் பின்சில்லு லொறிகளுக்குப் பெரிய ரயர் பூட்டுதல்

தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கும், சுன்னாகம், திருநெல்வேலி முதலிய சந்தைகளுக்கும் மரக்கறி ஏற்றிச் செல்லும் சிறிய லொறிகளிற் பல, முன்னே இரண்டும் பின்னே நான்குமாக ஆறு சில்லுகள் உடையன. பின்னச்சின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு சில்லுகள் அருகருகே நின்று ஒரே குடத்திற் பூட்டப்பட்டிருக்கும். அமெரிக்க நாட்டுப் பண்ணைகளில் ஓடும் பெரிய பிக்கப் வாகனங்கள் சிலவற்றிலும் இவ்வமைப்பைக் காணலாம். இத்தகைய வாகனத்தை வைத்திருக்கும் கமக்காரர், பழைய ரயர்கள் தேய்ந்து புதியன வாங்க வேண்டிய வேளையில், ஓர் அளவு பெரிய ரயராகப் பூட்டினால் என்ன என்று எண்ணுவது இயல்பு. கூடிய பாரம் ஏற்றலாம், வயற்பாதையிற் புதையாது செல்லலாம், ரயரும் நெடுநாள் உழைக்கும் என்பன அவர்கள் எதிர்பார்க்கும் நன்மைகள்.

ஒற்றைச் சில்லு உள்ள வாகனத்தில் இது பெரும்பாலும் இடவசதியைப் பற்றிய கேள்வியே. ரயர் எங்கும் உரசாது சுழலுமாயின் காரியம் பெரும்பாலும் முடிந்தது. இரட்டைச் சில்லில் அவ்வாறன்று. அங்கே ஒரு ரயருக்கு மிக அருகில் உள்ள பொருள் மற்ற ரயரேயாகும். ஆகவே பெரிய ரயர் பூட்டலாமா என்பதை அவ்விரண்டுக்கும் நடுவேயுள்ள இடைவெளியே தீர்மானிக்கின்றது. கடைக்காரர் "பூட்டலாம், ஏறும்" என்று சொல்வது, ரயர் றிம்மில் ஏறும் என்பதை மாத்திரமே குறிக்கும். பாரம் ஏற்றியபின் என்ன நிகழும் என்பதை அச்சொல் காட்டாது.

நடு இடைவெளி

ரயர் ஒன்று பாரத்தைத் தாங்கும்போது அதன் அடிப்பக்கம் தட்டையாகி, பக்கச்சுவர்கள் இருபுறமும் புடைத்து நிற்கும். வெறும் லொறியிற் பார்க்கும்போது இரு ரயர்களுக்கும் இடையே விரல் நுழையக்கூடிய இடமிருப்பினும், மூடைகளை அடுக்கியபின் அவ்விடம் நிலத்துக்கருகில் ஒடுங்கிவிடும். பள்ளத்தில் விழும்போதும் வளைவிலே திரும்பும்போதும் இன்னும் ஒடுங்கும். முற்றாக ஒடுங்கினால் இரண்டு பக்கச்சுவர்களும் ஒன்றையொன்று தொட்டு, ஒவ்வொரு சுற்றிலும் உரசும். உரசலினால் இறப்பர் தேய்ந்து உள்ளிருக்கும் நூற்படை வெளிப்படுவது ஒரு கேடு. அதனினும் பெரிய கேடு வெப்பம். இரு ரயர்களுக்கும் நடுவிற் காற்றோட்டம் குறைவு. உட்சில்லுக்கு அருகே பிறேக்கு உருளையின் சூடும் சேரும். இவ்வாறு சூடேறிய ரயர் வெடிக்கவும், சில வேளைகளிற் தீப்பற்றவும் கூடும். சாரதி இதனை முன்கூட்டி அறிய வழியில்லை. உரசல் நடைபெறும் இடம் அவர் கண்ணுக்குத் தெரியாதது. அடுத்த ரயர் தாங்கிக்கொண்டிருப்பதால் ஓட்டத்திலும் மாற்றம் தோன்றாது.

ஆதலால் ரயர் வாங்குமுன் அளக்கவேண்டியது ஒன்றுண்டு. வெளிச்சில்லு ரயரின் நடுக்கோட்டிலிருந்து உட்சில்லு ரயரின் நடுக்கோடு வரையுள்ள தூரமே அது. நடுக்கோட்டைப் பிடித்து அளப்பது கடினமாயின், வெளிரயரின் வெளிப்பக்கச் சுவரிலிருந்து உள்ரயரின் வெளிப்பக்கச் சுவர் வரை அளந்தாலும் அதே தூரம் கிடைக்கும். இதனை மையத்தூரம் எனக் கொள்வோம். மையத்தூரத்திலிருந்து ரயரின் அகலத்தைக் கழித்தால் எஞ்சுவது நடு இடைவெளி. ஒவ்வோர் அளவு ரயருக்கும் இருக்கவேண்டிய மிகக் குறைந்த மையத்தூரத்தை ரயர் தயாரிப்பாளர் தமது அட்டவணைகளிற் குறித்திருப்பர். அதனைக் கேட்டுப் பெறவேண்டும். பொதுவாக, பாரமற்ற நிலையில் நடு இடைவெளி ரயர் அகலத்தின் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குக்குக் குறையாதவாறே அவ்வட்டவணைகள் அமைந்துள்ளன.

இந்நாட்டிற் சிறிய லொறிகளிற் பெரிதும் காணப்படும் அளவுகளைக் கொண்டு இதனைக் கணித்துப் பார்க்கலாம். 7.00-16 ரயரின் அகலம் ஏறத்தாழ 200 மில்லிமீற்றர். விட்டம் ஏறத்தாழ 775. அதற்கு அடுத்த 7.50-16 ரயரின் அகலம் ஏறத்தாழ 215. விட்டம் ஏறத்தாழ 805. அதற்கும் மேலான 8.25-16 ரயர் 235 மில்லிமீற்றர் அகலமும் 855 மில்லிமீற்றர் விட்டமும் கொண்டது. தயாரிப்பாளருக்கேற்ப இவற்றிற் சில மில்லிமீற்றர் வேறுபடும். ஒரு லொறியின் மையத்தூரம் 235 மில்லிமீற்றர் என வைத்துக்கொள்வோம். 7.00-16 பூட்டியிருக்கையில் நடு இடைவெளி 35 மில்லிமீற்றர், இருக்கவேண்டியது ஏறத்தாழ 29, குறைவில்லை. அதே றிம்மில் 7.50-16 பூட்டினால் எஞ்சுவது 20 மில்லிமீற்றர். இருக்கவேண்டியதோ ஏறத்தாழ 31. வெறும் லொறியைப் பார்ப்பவருக்கு 20 மில்லிமீற்றர் போதுமான இடமாகவே தோன்றும். மூடை ஏற்றியபின் அது போதாது. 8.25-16 பூட்டினால் இடைவெளியே இராது. பாரம் ஏற்றாமலே இரண்டும் தொட்டுக்கொண்டு நிற்கும்.

இடைவெளி போதாதவிடத்து, இரு சில்லுகளுக்கும் நடுவே இரும்புத் தகட்டைச் செருகி அகலப்படுத்தும் வழக்கம் சில வேலைத்தலங்களில் உண்டு. இது தவிர்க்கற்பாலது. தகட்டின் தடிப்பளவுக்குப் போல்ட்டின் புரி குறைந்து போவதால் நட்டு முழுப் புரியிலும் பிடிக்காது. பாரம் முழுவதையும் தாங்குவது அந்தப் பிடிப்பே. சில்லுத் தட்டுகள் ஒன்றோடொன்று நேராகப் பொருந்தாமையால் போல்ட்டுகள் அசைந்து முறியவும் கூடும். சரியான வழி, குழிவு கூடிய வேறு றிம்களைப் பெறுவதேயாகும். இரு றிம்களும் முதுகோடு முதுகாக நிற்பதனால், ஒவ்வொன்றின் குழிவும் எவ்வளவு கூடுகின்றதோ அதன் இரு மடங்கு மையத்தூரம் கூடும்.

றிம்மை மாற்றும்போது அதன் அகலத்தையும் கவனிக்க வேண்டும். 7.00-16 ரயருக்கு வழக்கமான றிம் 5.50 அங்குல அகலமும், 7.50-16 ரயருக்கு 6.00 அங்குல அகலமும், 8.25-16 ரயருக்கு 6.50 அங்குல அகலமும் உடையன. ஒடுங்கிய றிம்மிற் பெரிய ரயரை ஏற்றினால் அதன் ஓடு வளைந்து நடுப்பகுதி மாத்திரம் தேயும். அகன்ற றிம் போட்டாலோ ரயர் மேலும் விரியும். றிம் அரை அங்குலம் அகன்றால் ரயரின் அகலம் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் கூடும் என்பதைக் கணக்கிற் சேர்க்க வேண்டும். மையத்தூரம் கூடியபின் உள்ரயர் வில்தகடுகளையும் சட்டகத்தையும் நெருங்கும். வெளிரயர் பெட்டியின் ஓரத்துக்கு அப்பாற் தள்ளி நிற்கும். இவ்விரண்டையும் நிறைந்த பாரத்தில், வில்தகடுகள் முழுவதும் தாழ்ந்த நிலையிற் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

பெரிய ரயரும் கூடிய பாரமும்

பெரிய ரயர் பூட்டிய லொறியிற் கூடிய பாரம் ஏற்றலாம் என்னும் எண்ணம் பரவலாக உண்டு. இது தவறானது. இத்தவற்றினாலேயே அச்சு முறிவும் வில்தகடு முறிவும் பெரிதும் நிகழ்கின்றன.

ரயரின் பக்கச்சுவரில் 122/118 என்பதைப் போன்று இரண்டு எண்கள் சாய்கோட்டாற் பிரிக்கப்பட்டிருக்கும். முதலாவது அந்த ரயர் தனித்து நிற்கையிலும், இரண்டாவது இரட்டையாக நிற்கையிலும் தாங்கும் பாரத்தின் குறியெண். 122 என்பது 1,500 கிலோகிராமையும் 118 என்பது 1,320 கிலோகிராமையும் குறிக்கும். இரட்டையில் நிற்கும் ரயருக்குக் குறைந்த பாரம் விதிக்கப்பட்டதன் காரணம், இரண்டும் எக்காலத்தும் சரிபாதியாகச் சுமப்பதில்லை என்பதே. வீதியின் நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்திருப்பதாலும், காற்றழுத்தம் சற்று வேறுபடுவதாலும் ஒன்று கூடச் சுமக்கும்.

இனி, பின்னச்சு 3,500 கிலோகிராமுக்கு அமைக்கப்பட்ட லொறியொன்றை எடுத்துக்கொள்வோம். மேற்கூறிய ரயர்கள் நான்கும் சேர்ந்து 5,280 கிலோகிராம் தாங்கும். ரயர் தாங்குகின்றது என்பதற்காக அச்சும், அதன் போளைகளும், வில்தகடுகளும், பிறேக்கும் பலம் கூடிவிடுவதில்லை. அவை தாங்கும் பாரம் வாகனத் தயாரிப்பாளர் பதித்த தகட்டிலும் பதிவுப் புத்தகத்திலும் உள்ளதேயாகும். ரயரை மாற்றுவதால் அவ்வெண் மாறாது.

அதே லொறியில் ஒரு ரயருக்குக் காற்றுப் போய்விட்டால் நிகழ்வதையும் பார்க்கலாம். முழுப் பாரத்தில் ஒவ்வொரு ரயரும் 875 கிலோகிராம் சுமந்து வந்தது. ஒன்று படுத்தவுடன் அதன் துணை 1,750 கிலோகிராமைத் தனியே சுமக்கவேண்டி வரும். தனித்துத் தாங்கக்கூடியது 1,500 மாத்திரமே. எனவே ஒரு ரயர் படுத்த லொறியை "அடுத்த சந்திவரை போகலாம்" என்று ஓட்டிச் செல்வது, இரண்டாவதையும் வெடிக்கச் செய்யும் வழியாகும். கடுகண்ணாவை, இறம்பொடை போன்ற மலைவீதிகளில் ஒருபக்கத்து இரு ரயர்களும் ஒருங்கே போகுமாயின், இழப்பது அன்றைய மரக்கறி மாத்திரமன்று.

பெரிய ரயர் பிறேக்கின் வலுவையும் குறைக்கின்றது. பிறேக்கு உருளை பழைய அளவினதாகவே இருக்க, அது பிடித்து நிறுத்தவேண்டிய சில்லு பெரிதாகிவிடுகின்றது. 7.00-16 இலிருந்து 7.50-16 க்கு மாறினால் நிலத்திற் கிடைக்கும் பிடிவலு ஏறத்தாழ நூற்றுக்கு 4 பங்கும், 7.50-16 இலிருந்து 8.25-16 க்கு மாறினால் ஏறத்தாழ 6 பங்கும் குறையும். ஏற்றத்தில் இழுக்கும் வலுவும், இறக்கத்திற் கியரிலே விட்டு இறங்கும்போது எந்திரம் தடுத்து நிறுத்தும் வலுவும் அதே அளவுக்குக் குறையும். வேகமானியும் குறைத்தே காட்டும். 7.50-16 க்குப் பதிலாக 8.25-16 பூட்டிய லொறியில் முள் 60 இல் நிற்கையில் உண்மையான வேகம் ஏறத்தாழ 64 கிலோமீற்றர். இவை ஒவ்வொன்றும் சிறியனவாகத் தோன்றினும், நிறைந்த பாரத்துடன் நீண்ட இறக்கத்தில் எல்லாம் ஒரே பக்கத்துக்கே சேரும்.

வயற்பாதையில் உதவுமா?

ரயரின் விட்டம் 30 மில்லிமீற்றர் கூடினால் அச்சு உயர்வது அதன் பாதியான 15 மில்லிமீற்றர் மாத்திரமே. இது ஒரு விரலின் தடிப்பளவு. மாரியிற் சேறாகும் பாதையில் இதனால் ஆகும் பயன் மிகச் சிறிது. மேலும், ரயர் நிலத்தை அழுத்தும் அழுத்தம் அதன் காற்றழுத்தத்தை ஏறத்தாழ ஒத்திருக்கும். லொறி ரயரிற் சதுர அங்குலத்துக்கு 70, 80 இறாத்தல் காற்று இருக்க, உழவு இயந்திரத்தின் பெரிய ரயரில் 15, 20 இறாத்தலே இருக்கும். பெரிய ரயர் பூட்டினாலும் லொறி லொறியே. அதனை வயலுக்குள் இறக்கினால் புதைவதோடு, வரம்பையும் உடைத்து, கீழ்மண்ணையும் இறுக்கிவிடும். அவ்விறுக்கம் அடுத்த போகத்தின் உழவிலும் நீர்வடிவிலும் தெரியவரும். நெல்லையும் மரக்கறியையும் இரு சில்லு உழவு இயந்திரப் பெட்டியில் வீதிவரை கொணர்ந்து லொறியில் ஏற்றுவதே ஈரக் காலத்துக்கு ஏற்ற முறை. லான்ட்மாஸ்டர் ஒன்றின் ஒரு நாட் கூலி, சேற்றிற் புதைந்த லொறியை வெளியே எடுக்கும் செலவினும் குறைவு.

சேற்றைக் கடப்பதற்காக ரயரிற் காற்றைக் குறைக்கும் உபாயத்தை ஒற்றைச் சில்லு வாகனக்காரரிடமிருந்து சிலர் கற்றிருக்கின்றனர். இரட்டைச் சில்லில் இது ஆபத்தானது. காற்றுக் குறைந்தால் ரயர் மேலும் புடைத்து, முன்னர்க் கூறிய நடு இடைவெளி மறைந்துவிடும்.

சோடி பொருந்துதல்

இரட்டையில் நிற்கும் ரயர்கள் நுகத்திற் பூட்டிய எருதுகளைப் போன்றவை. ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருக்குமாயின் பெரியது பாரத்தைச் சுமக்கும். சிறியது இழுபட்டுச் செல்லும். இவ்வளவு லொறிகளில் ஒரு சோடியின் விட்ட வேறுபாடு கால் அங்குலத்தை, அதாவது ஏறத்தாழ 6 மில்லிமீற்றரை, மிஞ்சலாகாது. சுற்றளவாற் பார்ப்பின் முக்கால் அங்குலம்.

இவ்வேறுபாடு 10 மில்லிமீற்றர் ஆகுமாயின் விளைவது என்ன? 785 மில்லிமீற்றர் விட்டமுள்ள ரயர் ஒரு கிலோமீற்றர் செல்ல ஏறத்தாழ 405 முறை சுழலும். அதே குடத்திற் பூட்டப்பட்ட 775 மில்லிமீற்றர் ரயரும் 405 முறையே சுழல முடியும். ஆயின் அத்தனை சுழற்சியில் அது கடக்கக்கூடிய தூரம் ஏறத்தாழ 987 மீற்றர். மிகுதி 13 மீற்றருக்கு அது வீதியில் தேய்த்து இழுக்கப்படுகின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அத்தூரத்தில் இழுபடுவது 5 கிலோமீற்றர். ரயர் ஏன் விரைவில் மொட்டையாகின்றது என வியப்பவர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

எனவே இப்போது இரண்டு, பணம் வந்தபின் இரண்டு எனப் பெரிய ரயர்களை வாங்க நினைப்போர், உள்ளே பழைய அளவும் வெளியே புதிய அளவுமாக ஒருபோதும் பூட்டலாகாது. பின்னச்சின் நான்கையும் ஒருங்கே மாற்ற வேண்டும். ஆறையும் மேலதிகச் சில்லையும் சேர்த்து மாற்றுவதே நன்று. மேலதிகச் சில்லு பழைய அளவினதாக இருக்குமாயின், நடுவழியில் அதனைப் பின்னச்சிற் பூட்ட முடியாது. நாற்சில்லு இயக்கமுள்ள லொறிகளில் முன்னும் பின்னும் ஒரே அளவாக இருத்தல் கட்டாயம். இல்லையேல் இயக்கப் பெட்டியின் பற்சில்லுகள் கெடும்.

றீபில்ட் ரயர் பாவிப்போர் இதில் மிகுந்த கவனம் செலுத்த வேண்டும். பக்கச்சுவரில் ஒரே அளவு எழுதியிருப்பினும், புதிதாக ஓடு ஒட்டிய ரயர் தேய்ந்த ரயரைவிடப் பெரிதாயிருக்கும். எழுத்தை நம்பாது, காற்றடித்து ஒரு நாள் விட்டபின், ஓட்டின் நடுவைச் சுற்றி நாடாவால் அளந்து சோடி சேர்க்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் சிறு வேறுபாடு இருப்பின் பெரியதை வெளிப்பக்கத்திற் பூட்டுக. வீதியோரம் சரிந்திருப்பதால் அப்பக்கம் சற்றுப் பெரிதாயிருத்தல் பொருந்தும். றேடியல் ரயரையும் குறுக்குநூல் ரயரையும் ஒரு சோடியாகச் சேர்த்தல் ஆகாது. இரண்டும் பாரத்தில் அமிழும் அளவு வேறு.

பூட்டும்போதும் பின்னரும்

இவ்வகை லொறிகளிற் பலவற்றின் றிம் ஒரே துண்டாக அமைந்ததன்று. பக்கவளையமும் பூட்டுவளையமும் கொண்டது. பூட்டுவளையம் தன் தவாளிப்பிற் சரியாக அமராத நிலையிற் காற்றடித்தால், அது பெரும் விசையோடு தெறித்து ஆளைக் கொல்லும். வீட்டு முற்றத்திலோ வாடியிலோ இவ்வேலையைச் செய்யலாகாது. இரும்புக் கூட்டினுள் சில்லை வைத்து, நீண்ட குழாயினால், வளையத்துக்கு நேரே நில்லாது விலகி நின்று காற்றடிக்கும் வேலைத்தலத்துக்கே கொண்டுசெல்ல வேண்டும். காற்று ஏறிய நிலையில் வளையத்தைச் சுத்தியலால் தட்டி அமர்த்த முயல்வோர் தம் உயிரையே பணயம் வைக்கின்றனர். சேதமுற்ற இரட்டைச் சில்லைக் கழற்றும்போது, நட்டுகளைத் தளர்த்துமுன் வால்வின் உள்ளூசியை எடுத்து இரண்டு ரயர்களின் காற்றையும் முற்றாக வெளியேற்றிவிடுக.

பழைய ஜப்பானிய லொறிகளில் உட்சில்லைப் பிடிக்கும் நட்டு ஒன்றும், அதன்மேல் வெளிச்சில்லைப் பிடிக்கும் நட்டு வேறொன்றும் இருக்கும். வெளிநட்டை இறுக்கியிருக்கையில் உள்நட்டு தளர்ந்திருப்பது தெரியவராது. ஆகவே மீண்டும் இறுக்கும்போது வெளிநட்டைத் தளர்த்தி, உள்நட்டை இறுக்கி, அதன்பின் வெளிநட்டை இறுக்க வேண்டும். எல்லா வெளிநட்டுகளையும் ஒருங்கே தளர்த்தாது, ஒன்றுவிட்டு ஒன்றாகச் செய்க. இடப்பக்கச் சில்லுகளில் இடப்புரி இருப்பின் திருப்பும் திசையும் மாறும். புதிதாகப் பூட்டிய சில்லுகளை 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் ஒருமுறை இறுக்கிப் பார்த்தல் இன்றியமையாதது.

உள்ரயரின் வால்வு கைக்கு எட்டாமையால் அதன் காற்றைப் பலர் பார்ப்பதில்லை. சுத்தியலால் ரயரைத் தட்டி ஓசையைக் கேட்டுத் தீர்மானிப்பது, முற்றாகப் படுத்த ரயரைக் கண்டுபிடிக்க உதவுமேயன்றி, 20 இறாத்தல் குறைந்த ரயரைக் காட்டாது. வால்வுக்கு நீட்டுக்குழாய் ஒன்று பொருத்தி, வாரம் ஒருமுறையாவது, லொறி ஓடிச் சூடேறுமுன், அழுத்தமானியால் இரண்டையும் அளந்து சமப்படுத்த வேண்டும். தோட்டப்பாதைகளிற் சென்று வந்த பின்னர் இரு ரயர்களுக்கும் நடுவே கல் சிக்கியிருக்கின்றதா எனக் குனிந்து பார்க்கவும். பெரிய ரயர் பூட்டி இடைவெளி ஒடுங்கிய லொறியில் கல் மேலும் இறுகச் சிக்கும்.

நிறைந்த பாரம் ஏற்றிய முதல் நாளில், சமதரையில் லொறியை நிறுத்தி, நிலத்துக்கருகிற் புடைத்திருக்கும் பக்கச்சுவர்களுக்கு நடுவே ஒரு தட்டையான பலகைத் துண்டை நுழைத்துப் பார்க்கவும். பலகை இறுகுமாயின், அல்லது முதல் ஓட்டத்தின்பின் பக்கச்சுவர்களில் உரசிப் பளபளத்த வட்டம் காணப்படுமாயின், அந்த ரயர்கள் அந்த லொறிக்கு உரியனவல்ல. பாரத்தை இறக்கிவிட்டுப் பழைய அளவையே மீண்டும் பூட்டுக.